பத்தாவது வந்ததும் பாட்டை நிறுத்தாதீர்கள்

நெய்வேலிப் பக்கம் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெண்பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிற, அனுப்பிப் பாதியில் நிறுத்திய அம்மா அப்பாக்களுக்கு,



உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் எழுதுகிறேன். ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று பேசியதுதான். ஆனால் வாசலில் பேசும்போது ஒருவருக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும், இன்னொருவருக்கு அடுப்பில் பால் இருக்கும். சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்ல முடிவதில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெண்பிள்ளைகள் ஏழு, எட்டு வயதில் வகுப்புக்கு வருகிறார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஒழுங்காக ஏறி வருகிறார்கள். வர்ணம் பிடிபட ஆரம்பிக்கும் நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு முடிந்துவிடுகிறது. "டீச்சர், பத்தாவது போறா. பப்ளிக் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறீர்கள். பத்தாவதுக்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு. அப்புறம் நீட் கோச்சிங், இன்ஜினியரிங் ஹாஸ்டல், வேலை, கல்யாணம். அந்த 'அப்புறம்' எந்தப் பிள்ளைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கவலை எனக்குத் தெரியும். நம் பகுதியில் பாதிப் பேர் வீட்டில் மைன்ஸ் வேலையோ தெர்மல் வேலையோ நிரந்தரமில்லாத வேலை. கான்ட்ராக்டில் இருக்கிற அப்பாவுக்கு மகளின் மார்க்தான் கையிருப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வருவது வேறு. பதினைந்து வயதில் ஒரு பெண்ணின் குரல் இன்னும் குரலாகவே ஆகியிருக்காது. அது முழுசாக வந்து சேர முப்பது வயது ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நீங்கள் நிறுத்துவது பாதிக் கிணற்றில். தண்ணீர் இன்னும் கீழே இருக்கிறது.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், கே.பி. சுந்தராம்பாளை வைத்துச் சொல்கிறேன்.

அவரை உங்களுக்கு ஔவையாராகத் தெரியும். டி.வி.யில் 'திருவிளையாடல்' போடும்போதெல்லாம் பார்த்திருப்பீர்கள். நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாக வந்து, பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாட்டாலேயே சமாதானப்படுத்துவார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. அந்தப் படம் வந்தது 1965. சுந்தராம்பாள் பிறந்தது 1908. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பத்தேழு வயதுப் பெண்மணியின் குரல் அது.

ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரையில் கொடுமுடி அவருடைய ஊர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' பாலாம்பாள், அவருடைய அம்மா. அம்மாவின் பெயரையே முதலெழுத்தாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். ஏழ்மையான வீடு. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். அங்கே அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசித்த பிள்ளையாக மேடையேறியது அவருடைய ஆரம்பம். பசி என்றால் என்ன என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை சோற்றுக்காகப் பாட வேண்டி வந்தது கொடுமைதான். நம் பிள்ளைகளுக்கு அந்த நிலைமை இல்லை. வயிறு நிறைந்த பிள்ளைக்குக் குரலை வளர்க்க எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்து நாடக மேடை எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மைக் கிடையாது. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருப்பார்கள். முன்னால் தரை டிக்கெட், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் ஓரமாக நிற்கிறவர்கள். கடைசியில் நிற்கிறவனும் காசு கொடுத்துத்தான் வந்திருப்பான். அவன் காதுக்குப் பாட்டு போய்ச் சேராவிட்டால் சத்தம் போடுவான். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். நாடகமே பாட்டுத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த 'வள்ளி திருமண'த்தில் கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு, சண்டையும் பாட்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை.

அதிலும் ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகையே கிடையாது. வள்ளி வேஷக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார், வேலன் வேஷக்காரர் இன்னோர் ஊரிலிருந்து வருவார். மேடையில்தான் சந்திப்பு. எதிராளி எந்த ராகத்தை எடுக்கிறாரோ அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் ஒருவர் நின்றால் இன்னொருவர் அதற்கும் மேலே போய் நின்று காட்ட வேண்டும். ஊர் ஊராக இப்படி ராத்திரி ராத்திரியாகப் பாடிப் பாடித்தான் சுந்தராம்பாளின் குரல் அந்த உறுதிக்கு வந்தது. மேடைப் பழக்கத்துக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

கடல் தாண்டிக் கொழும்பிலும் அவர் பல காலம் நாடகம் ஆடினார். 1926இல் அங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டைக்காரர் கிட்டப்பா, ஆண்களில் அப்படி ஒரு குரல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். பெண்கள் பாடும் சுருதியில் நின்று, அதற்கு மேலும் சிரமமில்லாமல் போவார். அந்த மேடையில் அவரோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய பெண்குரல் சுந்தராம்பாளுடையது. அடுத்த வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து இருந்த நாள்தான் அதிகம் என்பது அந்த இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்தாலே தெரியும். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. மேடையை விட்டுக் கொடுமுடிக்குள் ஒதுங்கினார். அவரைத் திரும்ப வெளியே கொண்டுவந்தவர்களில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி முக்கியமானவர். காங்கிரஸ் மேடையில் பாட வைத்தார். நாடக வேஷம் இல்லாமல், ஒப்பனை இல்லாமல், வெறும் குரலை வைத்துக்கொண்டு அவர் மறுபடி ஆரம்பித்தார். இருபத்தைந்து வயதில் எல்லாம் முடிந்துபோனது என்று அவரும் நினைத்திருக்கலாம், ஊரும் நினைத்திருக்கலாம். அவருடைய தொண்டை மட்டும் இன்னும் பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

1935இல் 'பக்த நந்தனார்' படம். ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன் என்றவரை நந்தனாராகவே நடிக்கக் கேட்டார்கள். ஆண் வேஷம். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அந்தப் படத்துக்கு சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடு முழுக்கப் பேச்சு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த நந்தனார் கதை வெளியூர்க் கதை இல்லை. அவர் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிக் கிடந்த சிதம்பரத்துக்கு நாம் இங்கிருந்து பஸ் ஏறிக் காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதை முழுவதையும் பாட்டாகவே எழுதினார். சீர்காழி அருணாசலக் கவிராயர் அதற்கும் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முன்பே ராமாயணத்தைக் கீர்த்தனை நாடகமாக்கிவிட்டார். மேல்நாட்டில் ஆபரா என்று ஒன்றை வைத்துக்கொண்டு தலையில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். ஒரு கதையை முழுக்க முழுக்கப் பாட்டிலேயே சொல்லும் வழக்கம் நம் கொள்ளிடக் கரையிலும் இருந்திருக்கிறது. இங்கே ராத்திரி முழுக்க நடக்கும் தெருக்கூத்தில் இப்போதும் இருக்கிறது. கூத்தில் பெரும்பாலும் பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள், திரௌபதிக்கும் ஆண் குரல்தான். அதனாலோ என்னவோ, நம் பக்கத்தில் ஒரு பெண் முழுத் தொண்டையில் பாடினால் அதைக் கொஞ்சம் விநோதமாகப் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை.

நந்தனாருக்குப் பிறகு 'மணிமேகலை' 1940இல். அதன்பின் நீண்ட இடைவெளி. 1951இல் சென்னை மாநில மேல்சபை உறுப்பினரானார். 1953இல் ஜெமினி வாசனின் 'ஔவையார்'. நாற்பத்தைந்து வயது. தமிழ்நாடு அவரை இன்றுவரை நினைப்பது அந்த ஔவையாராகத்தான். 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. 1967இல் 'கந்தன் கருணை'. 1969இல் 'துணைவன்'; அதில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் 'காரைக்கால் அம்மையா'ரிலும் அதே கம்பீரம். 1980இல் காலமானார்.

ஒரு பெண்ணின் பாட்டு வாழ்க்கை எவ்வளவு நீளமானது என்று இந்த வருஷங்களில் பாருங்கள். குழந்தையில் ஆரம்பம், இருபதுகளில் புகழ், இருபத்தைந்தில் இடி, நாற்பத்தைந்தில் சிகரம், அறுபதில் தேசிய விருது. இதில் பதினைந்து வயதில் யாராவது நிறுத்தியிருந்தால்?

இது சுந்தராம்பாளுக்கு மட்டும் வாய்த்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபராவில் பெண்குரல்களில் உச்சமான குரலை சொப்ரானோ என்பார்கள். அவர்களுக்கும் மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் அறுபது எழுபது பேர் வயலினும் ட்ரம்பெட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனைக்கும் மேலாக அந்த ஒற்றைக் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அவர்கள் தொடும் உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. இந்தக் காரியத்தைச் செய்ய எத்தனை வருஷப் பக்குவம் வேண்டும் என்று யோசியுங்கள்.

அவர்களில் பெரிய பெயர் ஜோன் சதர்லாண்ட், ஆஸ்திரேலியாக்காரர். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு சுருக்கெழுத்து, தட்டச்சு கற்று ஆபீஸ் வேலைக்குப் போனவர். பாட்டை முறையாகக் கற்க ஆரம்பித்ததே பதினெட்டு வயதில். அம்மா வீட்டிலேயே பாடுவார். அதைக் கேட்டு வளர்ந்ததுதான் அதுவரை. பிறகு லண்டன் போனார். 1952இல் அங்குள்ள ராயல் ஆபரா ஹவுஸில் சின்னச் சின்ன வேஷங்களில் சேர்ந்தார். ஏழு வருஷம் கிடைத்ததையெல்லாம் பாடினார். 1959இல் டோனிசெட்டியின் 'லூசியா'வில் பித்துப்பிடித்த மணப்பெண்ணாகப் பாடிய ராத்திரிதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அன்று அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் மேடையில் இருந்தார். 1990இல் ஓய்வுபெறும்போது அறுபது தாண்டியிருந்தார். வேலைக்குப் போனால் பாட்டு போய்விடும் என்கிறீர்களே, அவர் ஒரு டைப்பிஸ்ட்.

சீக்கிரமாக மேடையேறியவர்களும் உண்டு. இலங்கையிலிருந்து குடிபோன பெற்றோருக்கு மெல்போர்னில் பிறந்தவர் டேனியல் டி நீஸ். பத்தொன்பது வயதில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் பாடினார். ஆனால் அங்கே கொடுத்த வேஷம் எது? மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் கல்யாணம்' ஆபராவில் பார்பரினா. தோட்டக்காரர் மகள், சின்னப் பெண், ஒரே ஒரு குட்டிப் பாட்டு. அந்த வயதுக்கு அந்தக் குரல் தாங்கக்கூடியது அவ்வளவுதான் என்று பெரியவர்கள் கணித்துக் கொடுத்தது. கிளியோபாட்ரா வேஷத்தில் இங்கிலாந்தில் அவர் பெயர் வாங்கியது 2005இல். நம் நாட்டில் பம்பாயில் பிறந்து லண்டனில் பெயர்பெற்ற சொப்ரானோ பட்ரீசியா ரொசாரியோ. ஜான் டாவனர் என்ற இசையமைப்பாளர் அவருடைய குரலுக்கென்றே பல படைப்புகளை எழுதினார். இப்போது அவர் இந்தியாவுக்கு வந்து வந்து இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு குரல் பாடி முடித்த பிறகு அடுத்த குரலை வளர்க்கும்.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆண்பிள்ளைக்குக் குரல் உடைவது எல்லோருக்கும் தெரியும். நாடகக் கம்பெனிக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை வள்ளியாகப் பாடிய பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷம் போய்விடும். பெண்பிள்ளைக்கும் குரல் மாறும் என்பது பலருக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் நடக்கும். பையன்களுக்குப் போலத் தடாலென்று இறங்காது, இரண்டு மூன்று ஸ்வரம் மட்டும் இறங்கும். ஆனால் குரல்நாண்கள் வளர்கிறபோது பின்பக்கத்தில் முழுசாக ஒட்டாமல் சின்ன இடைவெளி நிற்கும். அதன் வழியாகக் காற்று கசியும். குரலில் ஒரு காற்றுச் சத்தம் சேரும்.

வகுப்பில் இதை அப்படியே பார்க்கலாம். நேற்றுவரை ஐந்தரைக் கட்டையில் மேல் ஸட்ஜத்தை மணி அடித்தாற்போல் பிடித்த பெண், ஒரு நாள் அதே இடத்தில் வந்து நின்றதும் குரல் இரண்டாகப் பிளக்கும். பிள்ளை திடுக்கிட்டுத் தொண்டையைச் செருமும். மறுபடி முயற்சி செய்யும், மறுபடி பிளக்கும். கண் கலங்கிவிடும். பக்கத்திலிருக்கும் சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சுருதிப் பெட்டியை அரைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ம்-காரத்தில் மத்திய ஸ்தாயியிலேயே சரளி வரிசையைப் பாடச் சொல்வேன். பஞ்சமத்துக்கு மேலே போக வேண்டாம் என்பேன். அப்படிச் சில மாதம் பொறுமையாகப் போனால், கீழே இதற்குமுன் இல்லாத ஒரு கனம் வந்து உட்கார்ந்திருக்கும். மந்திர ஸ்தாயி பஞ்சமம் தெளிவாகக் கேட்கும். அந்தக் கனத்தின் மேல்தான் பின்னால் மேல் ஸ்தாயி எழும்ப வேண்டும்.

இந்த நேரத்தில்தான் வீட்டில் சொல்கிறீர்கள்: "முன்ன நல்லா பாடினா, இப்ப குரல் போயிடுச்சு." குரல் போகவில்லை. குரல் வந்துகொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பும் இந்தக் குரல் மாற்றமும் ஒரே சமயத்தில் வந்து தொலைப்பதால், பிள்ளையும் "எனக்கு வராது போல" என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையோடேயே நின்றுபோன பெண்களை நம் தெருவிலேயே நான் பார்க்கிறேன். அவர்களுக்குக் குரலில் எந்தக் குறையும் கிடையாது. கூட இருந்து, இது இயற்கை, சரியாகிவிடும் என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். டி.வி. போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர். ஆசையில் தப்பில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை, பெரியவர்கள் பாடிய உச்சஸ்தாயிப் பாட்டைத் தினமும் நாலு தடவை முழுத் தொண்டையில் கத்த வைக்காதீர்கள். சத்தம் போட்டுச் சத்தம் போட்டுப் பாடினால் குரல்நாண்களின் நடுவில் சின்னச் சின்ன முண்டு விழும். காலில் செருப்பு அழுத்திக் காய்ப்புக் காய்க்கிறதே, அது மாதிரி. அப்புறம் கரகரப்பு நிரந்தரமாக நின்றுவிடும். பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தால் பாட வைக்காதீர்கள். சளி பிடித்தால் இரண்டு நாள் பேச்சைக்கூடக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். மிளகும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், கொடுங்கள், முண்டைக் கரைக்காது. ரோட்டுப் புழுதியும் மைன்ஸ் தூசியும் இருக்கிற ஊர் இது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு சைக்கிளில் வருகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

"பொம்பளப் புள்ள மேடை ஏறிப் பாடறத எங்க சைடுல ஒத்துக்க மாட்டாங்க" என்று ஓர் அப்பா சொன்னார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவருக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். மேடை ஏறுவதும் ஏறாததும் பிள்ளை வளர்ந்து முடிவு செய்யட்டும். இப்போது நீங்கள் முடிவு செய்வது குரல் இருக்குமா இருக்காதா என்பதை. நாடகக்காரி என்று ஊர் இளக்காரமாகப் பேசிய காலத்தில் மேடையேறியவர் சுந்தராம்பாள். அந்தப் பெண்ணைத்தான் பின்னால் சட்டமன்ற மேல்சபையில் உட்கார வைத்து மரியாதை செய்தது இந்த நாடு. திரைப்படத் துறையிலிருந்து அப்படிப் போனவர்களில் அவர்தான் முதல் ஆள் என்று சொல்வார்கள். ஊர்ப் பேச்சு மாறும். அதற்குள் தொண்டையைத் துருப்பிடிக்க விட்டுவிட்டால் அதைத் திரும்பப் பளபளப்பாக்குவது பெரும்பாடு.

பாட்டை வைத்து என்ன சோறு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்கிறேன். எல்லாரும் பாடகியாக முடியாது, அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. செலவு மிகக் குறைவு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்றே துறை இருக்கிறது. பல்கலைக்கழகம் பிறந்த காலத்திலிருந்தே அங்கே இசைக்கு இடம் உண்டு. தமிழிசை இயக்கமே அங்கிருந்துதான் கிளம்பியது. மேல்நாட்டு முறையில் பாட ஆசையிருந்தால் சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியில் ஆபரா முறைக் குரல் பயிற்சியே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் டவுன்ஷிப்பின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டே நெய்வேலி சந்தானகோபாலன் உலகம் முழுக்கக் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார். பழுப்பு நிலக்கரி தோண்டுகிற ஊர் என்று நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது, பரீட்சை விஷயம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரே ஒரு வகுப்புப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில், டியூஷன் தொடங்குவதற்கு முன்னால், அரை மணி நேரம். புதுப் பாடம் எதுவும் கிடையாது. கற்றதைக் காப்பாற்றுவது மட்டும்தான் அந்த வருஷத்து வேலை. வீட்டில் தினமும் பத்து நிமிஷம், காலையில் பல் தேய்த்துக் காபி குடித்த பிறகு, மத்திய ஸ்தாயியில் அகாரம். பரீட்சை மாதத்தில் வகுப்புக்கே வர வேண்டாம், அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் விடாமல் இருந்தால் போதும். படித்துப் படித்து மண்டை சூடான பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிஷம் மூச்சை ஒழுங்கு பண்ணும். மார்க்கைக் கெடுக்காது. சாயங்காலம் இருட்டிய பிறகு ஹைவேயைக் கடந்து பெண்ணை அனுப்பப் பயமாக இருக்கிறது என்றவர்கள் சொன்னது நியாயம். விக்கிரவாண்டி ரோடு அகலமானதிலிருந்து வண்டிகள் வருகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். அதற்காகத்தான் காலை நேரத்துக்கு மாற்றியிருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வரட்டும், யாராவது ஒரு வீட்டுப் பெரியவர் முறை வைத்துக் கூட வாருங்கள்.

பீஸ் கொடுக்க முடியாத மாதம் கொடுக்க வேண்டாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பிள்ளையை நிறுத்தியவர்கள் இருக்கிறீர்கள். மறுபடி அனுப்புங்கள், ஒன்றும் கேட்க மாட்டேன்.

கடைசியாக, அம்மாக்களுக்கு மட்டும் ஒன்று. உங்களில் எத்தனை பேர் கல்யாணத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். மகளை விட்டுவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே ஓடுகிற கீதத்தை உங்கள் வாய் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். சுருதி விலகாமல்தான் முணுமுணுக்கிறீர்கள். நாற்பது வயதாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். சுந்தராம்பாள் ஔவையாராக வந்தபோது நாற்பத்தைந்து. வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, வீட்டு வேலை ஓய்ந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், உங்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பிக்கிறேன். சரளி வரிசையிலிருந்தே தொடங்குவோம், ஐந்து கட்டை கஷ்டமாக இருந்தால் நாலரையில் வைத்துக்கொள்வோம். பழைய பாட்டு நோட்டு யாரிடமாவது இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டு டீச்சர்,
வடக்குத்து.